இரண்டு வாய்க்கு ஒரு பேச்சு

மைக் பிடிக்கிறவன் பயப்படுவது ஒன்றுக்குத்தான். கல்லெறிக்கு அல்ல, கரண்ட் போவதற்கும் அல்ல, மௌனத்துக்கு. கபடி ஆட்டத்தில் நாலு மூச்சு நேரம் ஒலிபெருக்கி சும்மா கிடந்தால் போதும், ஜனம் கடலை வாங்க எழுந்துவிடும். அதனால் கபடி வர்ணனையாளன் சென்னிமலை தன் தொழிலில் ஒரு இடைவெளியையும் விட்டுவைத்ததில்லை. எதிரணிக்குள் 'கபடி கபடி' என்று பாடிப் போகிறவன் யார், அவன் மாமனார் எந்த ஊர், அந்த ஊரில் போன வாரம் மழை பெய்ததா என்று எதையாவது அள்ளிப் போட்டு நிரப்பிவிடுவான்.

பெருந்துறைக்கு மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லிச் சொல்லியே சலித்துப்போன காலம் அது. வர்ணனைக்குக் கம்ப்யூட்டர் குரல் வந்துவிட்டது. நடுவர் வேலையைக் கோட்டோரக் கேமராக்கள் பார்த்துக்கொண்டன. ஆனாலும் ஊர்க் கமிட்டிக்காரர்கள் சென்னிமலையைத்தான் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும், தோற்றுப்போன பையனைச் சிரிக்க வைக்கத் தெரியாது.

அவனுக்குப் பெண்டாட்டி கிடைத்ததும் அந்த வாயால்தான். திருநெல்வேலி அணியில் ஆட வந்திருந்த சண்முகவடிவு மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் தன் கோட்டுக்குத் திரும்பியபோது, "ஏனுங் திருநெல்வேலி அம்மிணி, எங்கூருப் புள்ளைங்களுக்கும் சித்தெ மிச்சம் வையுங்" என்று மைக்கில் சொல்லிவிட்டான். ஆட்டம் முடிந்ததும் அவள் நேராக மேடைக்கு வந்தாள். "ஏ மைக்கு, ஒமக்கு வாய் வலிக்காதா? கொஞ்ச நேரம் பொத்திக்கிட்டு இருந்தா செத்தா போயிருவீரு?" என்று கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் மனுஷன் விழுந்துவிட்டான். அடுத்த தை மாதம் கல்யாணம்.

வடிவு பெருந்துறையிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தாள். எத்தனை வருஷம் கொங்குத் தண்ணீரைக் குடித்தும் அவள் பேச்சு மட்டும் இம்மி மாறவில்லை. "வந்தியளா? மேலு கழுவிட்டு வாங்க, இட்லி ஆறுது" என்பாள். அவன், "இதோ வந்தனுங் வாத்தியாரம்மா" என்பான். பிள்ளை இல்லாத வீடுதான். ஆனால் இரண்டு ஊர்ப் பேச்சும் நாள் முழுக்க முட்டிக்கொண்டதில் வீடு ஒருபோதும் வெறிச்சென்று இருந்ததில்லை.

ஆடுகளத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. விழுந்தால் சட்டென்று எழுந்துவிட வேண்டும். வலித்தாலும் சிரிக்க வேண்டும். முகம் சுளித்தால் எதிரணிக்குத் தெரிந்துவிடும். அந்தப் புத்திதான் வடிவை அன்றைக்குக் கெடுத்தது. பிள்ளைகளுக்குப் பாய்ந்து கோடு தொடுவது எப்படி என்று காட்டப் போனவள், பாய்ந்த வேகத்தில் களத்தைத் தாண்டிச் சிமெண்ட் விளிம்பில் இடப்பக்கத் தலை மோத விழுந்தாள். உடனே எழுந்தாள். மண்ணைத் தட்டினாள். "என்னட்டி முழிக்கிய? ஒண்ணுமில்ல, பாடிப் போ" என்று விசிலை ஊதினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

சாயங்காலம் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டாள். விழுந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். தலை வலிக்கிறது என்றாள். காபி டம்ளரை வைக்கப் போனவள் வைக்க இடம் தெரியாதவள் போல் நின்றாள். வாந்தி எடுத்தாள். "மை... மை..." என்று ஏதோ சொல்ல வந்து, அவன் கையிலேயே சரிந்தாள்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூளை அறுவை டாக்டர் மெஹருன்னிசா நின்றுகொண்டேதான் பேசினாள். உட்கார நேரமில்லை.

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு சார். மூளை வீங்கிட்டே போகுது. ஊறின அரிசியை டப்பாவுல அடைச்சு மூடினா என்ன ஆகும்? டப்பா ஒடையாது, அரிசிதான் நசுங்கும். இப்பவே இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை எடுத்துடறேன். வீக்கத்துக்கு இடம் கிடைக்கும்."

"எடுத்த எலும்புங்?"

"அவங்க வயித்துத் தோலுக்கு அடியிலேயே வெச்சு மூடிடுவேன். அங்க கெடாம இருக்கும். வீக்கம் வத்தினதும் திரும்ப எடுத்துப் பொருத்திக்கலாம்."

வேறு நேரமாக இருந்தால் மண்டையை வயிற்றில் வைக்கும் இந்தச் சங்கதிக்கு அவன் மைக்கில் ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பான்.

"உயிருக்கு இது போதும். பேச்சுக்குப் போதாது," என்றாள் டாக்டர். "அடிபட்ட இடம் வார்த்தை உண்டாகற இடம். அதுக்கு ஒரு வழி இருக்கு. மண்டை திறந்திருக்கும்போதே அந்த இடத்து மேல ஒரு வலை விரிக்கணும். கொசுவலையை விட மெல்லிசு. தழும்பு விழுந்த பிறகு விரிச்சா ஒட்டாது, அதனால இன்னிக்கே. அந்த வலைக்குத் துணையா, நல்லா பேசற இன்னொரு மூளை வேணும். வீட்டு ஆளா இருந்தா நல்லது. உங்க காதுக்கு மேல, தோலுக்கு அடியில ஒரு சின்னத் தகடு வெப்போம். இதைத்தான் நாங்க பாலம்னு சொல்றோம்."

"அது என்னுங் பண்ணும்?"

"அவங்க ஏதாவது சொல்ல நினைக்கறப்ப அந்த நினைப்பு உங்ககிட்ட வரும். உங்க மூளை அதுக்கு வார்த்தை கட்டி அனுப்பும். அவங்க வாய் பேசும். சரக்கு அவங்களது, வண்டி உங்களது. அடிபட்ட இடம் அதைப் பார்த்துப் பார்த்து மெதுவா தானே கத்துக்கும். ஆனா ஒரு வண்டியில ஒரு நேரத்துல ஒரு சரக்கைத்தான் ஏத்த முடியும். அவங்க பேசற நேரத்துல நீங்க பேச முடியாது. ஒரு வீட்டு தூரத்துக்கு மேல விலகியும் போக முடியாது."

"டாக்டரம்மா, என்ற பொழப்பே வாய்தானுங்."

"தெரியும் சார். யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொல்லணும். யோசிக்க நேரம் இல்லைன்னும் சொல்லணும்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய் இன்றைக்கு யாரைப் பிழைக்க வைக்க வேண்டும் என்பதில் சென்னிமலைக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. "எடுத்துக்குங்," என்று காதைக் காட்டினான்.

வடிவு கண் திறந்தபோது தலைக்கட்டின் மேல், 'இந்தப் பக்கம் எலும்பு இல்லை, அழுத்த வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் சென்னிமலை, காதுக்கு மேல் ஒரு பிளாஸ்திரியோடு. அவள் உதடு அசைந்தது. அவனுக்குள் ஏதோ இடம்பெயர்ந்தது போல் இருந்தது.

"ஏனுங், சித்தெ தண்ணி குடுங்."

தெளிவாகச் சொன்னாள். அவன், "தாரேன் கண்ணு" என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. வார்த்தை இருந்த இடத்தில் வழுவழுவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகுதான், அந்த வார்த்தைகள் எங்கே போயிருக்கின்றன என்று புரிந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

வடிவு தண்ணீரைக் குடித்தாள். தான் சொன்னதைத் தானே ஒருமுறை நினைத்துப் பார்த்தவள் போல் புருவத்தைச் சுருக்கினாள். "இதென்னுங், நானு உங்களாட்டவே பேசறேன்?" என்றாள். பேச முடியாத மனுஷன் தோள் குலுங்கச் சிரித்தான். அவளும் சிரிக்கப் பார்த்து, வலித்ததில் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நாள் அதுவே ஒரு விளையாட்டாக இருந்தது. பால்காரரிடம் அவள் பேரம் பேசுவாள், அவன் வாயை மூடிக்கொண்டு கையை ஆட்டுவான். அக்கம்பக்கத்தில், "சென்னிமலை சத்தமே காணோம், ஊருல இல்லீங்களா?" என்று விசாரித்தார்கள். இருபது வருஷத்துப் பேச்சிலிருந்து ஊரே ஓய்வெடுத்துக்கொண்டது.

அவள் தம்பி சுடலைமுத்து பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கியபோதுதான் விளையாட்டு கொஞ்சம் கசந்தது. அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதான். வடிவு, "அழுவாதீங் தம்பி, எனக்கு ஒண்ணுமில்லீங். கைகால் கழுவிட்டு வாங், சாப்பாடு எடுத்து வைக்கறேன்" என்றாள். அவன் விலகி நின்று அவளையே பார்த்தான்.

"அத்தான்," என்றான் பிறகு, சென்னிமலையைத் தனியே கூப்பிட்டு. "எங்கக்கா என்னய 'ஏல மூதி'ன்னுதான் கூப்புடுவா. இப்ப 'வாங்'ங்கா. ஒங்க வீட்டு ஒறவுமொறைகிட்ட பேசுத மாதிரில்லா இருக்கு. எனக்கு என்னமோ போல இருக்கு அத்தான்."

"உசுரோட இருக்காளே மாப்ள. அதுக்குச் சாமிக்கு நன்றி சொல்லுங்."

"அதுக்குத்தான் அழுதேன். இதுக்கும் அழுதேன்."

மறுநாள் சுடலைமுத்து ஊரில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டு அக்காளிடம் கொடுத்தான். அம்மாவுக்குப் பார்வை மங்கல், வீடியோ எல்லாம் ஆகாது. "அம்மா, நாந்தானுங் வடிவு. நல்லா இருக்கறனுங்," என்றாள் இவள். அந்தப் பக்கம் கிழவி தன்மையாகவே கேட்டாள்: "யாரு தாயி, நர்சா? எம்மவகிட்ட கொஞ்சம் குடும்மா. அவ கொரல ஒரு தடவ கேட்டா போதும்." வடிவு போனைத் தம்பியிடம் நீட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சென்னிமலையால் தாராளமாகப் பேச முடிந்தது. பேச அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பாலம் நடைவண்டி மாதிரி என்று டாக்டர் சொல்லியிருந்தாள். நடைவண்டியிலேயே வைத்திருந்தால் குழந்தை நடக்காது. எலும்பைத் திரும்பப் பொருத்தும் நாளில் வலையையும் எடுத்துவிட வேண்டும். அதற்குள் வடிவின் மூளை சொந்தமாக வார்த்தை கட்டக் கற்றிருக்க வேண்டும். கற்றிருந்தால் பேசுவாள், இல்லையென்றால் இல்லை. அதற்காக அவன் போனில் ஒரு திருகு கொடுத்திருந்தார்கள், திரையில் ஒரு வட்டம். விரலால் திருப்பினால் பாலம் கூடும், குறையும்.

"தினமும் கொஞ்ச நேரம் நல்லா குறைச்சு வெச்சுட்டு எதிர்ல உக்காருங்க," என்றாள் டாக்டர். "அவங்க திணறுவாங்க. திணறட்டும். நீங்க எதுவும் செய்யக்கூடாது. அதுதான் மருந்து."

யாரிடம் சொல்கிறாள்! ஒலிபெருக்கி சும்மா கிடந்தால் நெஞ்சு அடைக்கிறவனிடம். அவன் திருகைக் குறைப்பான். வடிவு கொல்லையில் கொடியைக் காட்டி, "ம... அது... அங்... ம..." என்பாள். தொண்டை நரம்பு புடைக்கும். கண் அவனைக் கெஞ்சும். மேகம் கருத்திருக்கிறது, துணி காய்கிறது, அவள் சொல்ல வருவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துணி நனைந்தால்தான் என்ன, நாளைக்குக் காயாதா? ஆனால் அந்த இடைவெளி அவன் காதில் இடி மாதிரி விழும். விரல் தானாகத் திருகுக்குப் போய்விடும். "மழை வருதுங், துணியை எடுங்," என்று அவள் வாயிலிருந்து கடகடவென்று வரும். அவளுக்குப் பெருமூச்சு, அவனுக்கு நிம்மதி.

டாக்டர் போனில் கூப்பிட்டாள். "சார், குறைக்கச் சொன்னா கூட்டறீங்க. இங்கேயிருந்து பார்த்தா தெரியும்."

"நாளையிலிருந்து குறைச்சுக்கறனுங்."

நாளையும் வந்தது, நாய் வாலும் நிமிரவில்லை. பிழை என்று தெரிந்தேதான் செய்தான். அவள் அப்படித் தவிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அவனை எதிர்க்கடைக்குக் காபி குடிக்க அனுப்பிவிட்டு வடிவுடன் வெகுநேரம் தனியாக இருந்தாள். அவன் திரும்பி வந்தபோது டாக்டர் முகத்தில் கோபம் இல்லை.

"சரி சார், உங்க வழிக்கே வரேன். எவ்வளவு வேணும்னாலும் கூட்டிக்குங்க. திருகையும் புதுசா மாத்திக் கொடுத்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு. கூட்டி வெச்சுட்டா நீங்க அசையக்கூடாது. வாயைத் திறக்கறது, தலையாட்டறது, எடுத்துக் கொடுக்கறது, எதுவும் கூடாது. நீங்க அசைஞ்சா பாலம் ஆடும். அவங்க முடிக்கிற வரைக்கும் கல்லு மாதிரி உக்காரணும். முடியுமா?"

"அதுக்கென்னுங், முடியுமுங்!" கொடுப்பதென்றால் அவன் எதற்கும் தயார். சும்மா இருப்பதுதான் அவனால் ஆகாது.

அன்றுமுதல் வடிவு வாயெடுக்கும்போதெல்லாம் திருகை உச்சத்துக்குத் திருப்புவான். திருப்பிவிட்டுக் கண்ணைக்கூட இமைக்காமல் உட்கார்ந்துவிடுவான். ஆனால் என்னமோ கோளாறு. முன்பு போல வார்த்தை கடகடவென்று வரவில்லை. "ஏனுங்..." என்பாள். நிற்கும். நெடுநேரம் நிற்கும். அவனும் பாலம் ஆடிவிடுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். "...பருப்புல... உப்பு... இல்லீங்" என்று ஒருவழியாக வந்து சேரும். ஒரு வாக்கியத்துக்குள் குழம்பு ஆறிவிடும்.

நாள் போகப்போகக் கொஞ்சம் வேகம் கூடியது. கூடினாலும் பழைய ஓட்டம் இல்லை. சென்னிமலைக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. பாலம் தேய்ந்துகொண்டு வருகிறது. அப்படியென்றால் அவள் மூளை ஒன்றும் கற்கவில்லை. எலும்பைப் பொருத்தும் நாளில் வலையை எடுத்துவிட்டால் வடிவு காலத்துக்கும் ஊமை. திருகைக் கூட்டிக் கூட்டி நான்தான் கெடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும், இவன் தன் வாயால் பெண்டாட்டியைக் கெடுத்துவிட்டான்.

பொங்கல் போட்டிகளுக்கு ஆள் மேல் ஆள் வந்தது. ஒருவருக்கும் அவன் தேதி கொடுக்கவில்லை. மைக்கைத் துடைத்துப் பெட்டியில் போட்டு மூடினான். மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டிருந்தான்.

எலும்பு வைப்பதைப் பற்றிப் பேச டாக்டரிடம் போன அன்று, வடிவு நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"டாக்டரம்மா, வலையை எடுக்க வேண்டாமுங். இது தேஞ்சு போச்சு. புதுசா, பலமா ஒண்ணு வையுங். காலத்துக்கும் இருக்கட்டும். என்ற வாயை முழுசா அவளுக்கே எழுதிக் குடுத்தர்றேன். நானு பேசின வரைக்கும் போதுமுங், ஊருக்கே சலிச்சிருக்கும்."

டாக்டர் வடிவைப் பார்த்தாள்.

"வேண்டாமுங் டாக்டரம்மா," என்றாள் வடிவு. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "வலையை... எடுத்துருங். அவரு வாயி... அவருக்கே இருக்கட்டும்."

அவள் முடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் வெடித்தான். "இது கணக்கே இல்லீங்! அவ சொன்னது என்ற வார்த்தைங். நாந்தான் கட்டிக் குடுத்தேன். எம்மேல இரக்கப்பட்டு நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனுங், அது அவ வாயில வந்திருக்கும். அவ சம்மதம்னு இதை எப்படிங் எடுத்துக்க முடியும்?"

"நல்ல கேள்வி," என்றாள் டாக்டர். "பாலம் ஓடிட்டு இருந்தா நானும் இதையே கேட்டிருப்பேன்."

"ஓடிட்டு இருந்தான்னா?"

"அது ஓடலை சார். உங்களைக் காபி குடிக்க அனுப்பினேனே, அன்னிக்கே நிறுத்திட்டேன். நீங்க திருப்பிட்டு இருந்த திருகு வெறும் படம்."

சென்னிமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டரைப் பார்த்தான். வடிவைப் பார்த்தான். அவள் குற்றவாளி மாதிரி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீங்க தூரமா போனதும் இவங்க சொந்தமா மூணு வார்த்தை சொன்னாங்க," என்றாள் டாக்டர். "'அவரு... உடமாட்டாரு... ஏமாத்துங்.' அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு பாடு பட்டாங்கன்னு நான்தான் பார்த்தேன். சம்மதம்னா அதுதான் சார் சம்மதம்."

"அப்ப... இத்தன நாளா இவ பேசினது?"

"அவங்களே பேசினது. திருகைத் திருப்பினதும் நீங்க அசையாம உக்காந்தீங்க பாருங்க, அந்த இடைவெளியிலதான் அவங்க ஒவ்வொரு வார்த்தையா தேடி எடுத்தாங்க. எனக்கு அந்த இடைவெளிதான் வேணும். நேராக் கேட்டா நீங்க தரமாட்டீங்க."

"ஆனா எனக்குப் பேச்சே வராம இருந்துதேங்! ஊமையா உக்காந்திருந்தனே!"

"அது ஊமை இல்லை சார். உங்களுக்குப் பழக்கமில்லை, அதனால தெரியலை. கேக்கறதுன்னு அதுக்குப் பேரு." டாக்டர் சிரித்தாள். "நம்பலைன்னா இப்ப அவங்க பேசறப்ப நீங்களும் பேசிப் பாருங்க."

வடிவு அவன் பக்கம் திரும்பினாள். "கோவிச்சுக்காதீங்," என்று ஆரம்பித்தாள். "நானு..."

"வடிவு," என்றான் அவன்.

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் அறைக்குள் கேட்டன. விபத்துக்குப் பிறகு முதல் தடவை. இரண்டு பேரும் பயந்துபோய் நிறுத்தினார்கள். பிறகு இரண்டு பேருமே ஒன்றாகப் பேச ஆரம்பித்து, ஒன்றாக நிறுத்தினார்கள். அவன் மேஜை மேல் கவிழ்ந்து குழந்தை மாதிரி அழுதான். சந்தோஷம்தான். ஏமாந்த வெட்கமும் இருந்தது. அத்தனை நாள் அவள் தனியாகப் பட்ட கஷ்டத்தைக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டே காணாமல் இருந்துவிட்டோமே என்ற வேதனையும் இருந்தது.

"ஏமாத்திட்டியே அம்மிணி."

"ஏமாத்தாம இருந்தா... நீங்க என்னையப் பேச உட்டுருக்க மாட்டீங்," என்றாள் அவள்.

அவன் முகத்தைத் துடைத்தான். துடைக்கும்போதே ஒன்று உறைத்தது. "இது உன்ற சொந்தப் பேச்சுன்னா, அப்புறம் ஏன் இன்னும் என்றாட்டவே பேசறே?"

டாக்டரின் சிரிப்பு குறைந்தது. "புது வழி உங்க வழியைப் பார்த்துத்தான் வளர்ந்தது சார். அவங்க மூளை கத்துக்கிட்ட பேச்சு இதுதான். பழைய பேச்சு உள்ள எங்கேயாவது இருக்கலாம். வரலாம், வராமலும் போகலாம். என்னால சத்தியம் பண்ண முடியாது."

"எங்கம்மா பேசறது எனக்குப் புரியுதுங்," என்றாள் வடிவு. "ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. திருப்பி... அதே மாதிரி சொல்லத்தான்... வரமாட்டேங்குது." அவள் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் அவனை அறுத்தது. அவளுக்குப் பேச்சைக் கொடுத்தவன் அவன், அவள் பேச்சை மூடிவிட்டவனும் அவனே.

எலும்பு வயிற்றிலிருந்து மண்டைக்குத் திரும்பியது. வலையும் தகடும் வெளியே வந்தன. தையல் பிரித்து, முடி ஒரு விரற்கடை வளர்ந்து, வடிவு பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் மட்டும் போக ஆரம்பித்தாள். பிள்ளைகளிடம், "வெசையா ஓடுங் கண்ணு" என்றாள். பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். சென்னிமலையும் மைக்கை வெளியே எடுத்தான். ஆட்டத்துக்கு நடுவே இப்போது அவன் சில நேரம் சும்மா இருந்தான். யாரும் கடலை வாங்க எழுந்து போகவில்லை, பாடிப் போகிறவனின் மூச்சு ஜனத்துக்கு முதல் தடவையாகக் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊர்ச் சமையல் ஏதாவது செய்து போடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. சுடலைமுத்துவிடம் போனில் கேட்டுக்கொண்டு சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பு வைக்க இறங்கினான். பாசிப்பருப்பு வேகவைத்தான். காய் நறுக்கினான். தேங்காயைப் பிழிந்து முதல்பால், இரண்டாம் பால் என்று இரண்டு கிண்ணத்தில் எடுத்தான். எடுத்ததுதான் சரி, எது எப்போது என்பது மறந்துவிட்டது. கெட்டியான முதல்பாலைத் தூக்கிக் காயோடு ஊற்றி அடுப்பைப் பெரிதாக எரியவிட்டான்.

வடிவு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். பாத்திரத்தைப் பார்த்தாள். அவள் கை எழுந்தது. வாய் திறந்தது.

"அ... அ..."

சென்னிமலை கரண்டியும் கையுமாகத் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. அடுப்பையா, உப்பையா, எதைச் சொல்கிறாள்? இதுவா, அதுவா என்று எடுத்துக் கொடுக்க நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டான். அவள் கண்ணில் அன்றைய கெஞ்சல் இல்லை. இது வேறு ஏதோ தேடல். வழக்கமாக அவள் வார்த்தை தேடுகிற இடத்தில் இல்லாமல், இன்னும் ஆழத்தில், வேறெங்கோ கைவிட்டுத் துழாவுகிறாள் என்று அவனுக்குப் பட்டது.

பின்னால் பால் தளதளவென்று கொதித்தது. அவன் திரும்பவில்லை. நெடியடித்தது. அசையவில்லை. பால் திரிந்து திப்பி திப்பியாக மேலே மிதந்தது. மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அவள் வாயையே பார்த்து நின்றான்.

"சவத்தெழவ, அடுப்ப அமத்துங்க!" என்றாள் வடிவு. "மொதப்பால யாராவது கொதிக்க விடுவாவளா? கூறு கெட்ட மனுசன்!"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னிமலை அடுப்பை அணைக்கவில்லை. அவள் இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று காத்துக்கொண்டிருந்தான்.